ஏ.ஜி.சி. மீட்டர் கீழே இறங்கினால் பழுதா?

கேள்வி: எங்கள் கல்லூரியின் சமுதாய வானொலிக்குப் புது ஆடியோ ப்ராசசர் (ஒலியைச் சீராக்கி ஒலிபரப்புக்கு அனுப்பும் பெட்டி) வந்திருக்கிறது. ஏ.ஜி.சி. என்று போட்ட மீட்டர், ஒலி வந்தாலே மேலிருந்து கீழ்நோக்கி இறங்கிப் பாதியில் நிற்கிறது. கடைசி மீட்டரோ எந்நேரமும் 100ஐ ஒட்டியே இருக்கிறது. விற்றவரின் ஆள் வந்து பார்த்துவிட்டு, "உள்ளே கார்டு போய்விட்டது, மாற்றணும்" என்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பெட்டி சரியாகத்தான் வேலை செய்கிறது.

மிக்சரில் இருக்கும் மீட்டர் ஒலி எவ்வளவு என்று காட்டும். ஏ.ஜி.சி. என்பது ஒலியின் ஏற்றத்தாழ்வைத் தானாகவே சரிசெய்யும் பகுதி. அதன் மீட்டர் காட்டுவது ஒலியை அல்ல. பெட்டிக்குள் ஒரு கை வால்யூம் குமிழைப் பிடித்துக்கொண்டு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உரக்கப் பேசினால் அந்தக் கை குமிழைத் தணிக்கும், மெல்லப் பேசினால் கூட்டும். இப்போது எவ்வளவு தணித்து வைத்திருக்கிறது என்பதைத்தான் மீட்டர் சொல்கிறது. அதனால்தான் தலைகீழாக இறங்குகிறது.

பல பெட்டிகளில் இந்தக் கைக்கு ஏறத்தாழ 25 டெசிபல் வரை இடம் உண்டு. சாதாரணப் பேச்சில் 10ஐச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தால் நல்லது. உரத்த குரலுக்கு இறங்கவும் மெல்லிய குரலுக்கு ஏறவும் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். சுழியத்திலேயே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். உள்ளே வரும் ஒலி போதவில்லை, இனிக் கூட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று பொருள். அடிமட்டத்தில் கிடந்தால் அறிவிப்பாளர் மிக்சரின் ஃபேடரை (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளு குமிழ்) அளவுக்கு மேல் ஏற்றிவிட்டிருக்கிறார்.

மிக்சரில் இருப்பது வி.யு. மீட்டர் என்றால் அதன் எண்ணையும் ப்ராசசரின் இன்புட் மீட்டர் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1939இல் வகுத்த வி.யு. மீட்டருக்கு ஒலியை உணர்ந்து ஏற 300 மில்லிசெகண்ட் பிடிக்கும், அது சராசரியைத்தான் காட்டும். ப்ராசசரில் பெரும்பாலும் உச்சத்தைக் காட்டும் மீட்டர். பேச்சில் இரண்டுக்கும் 10 டெசிபல் வித்தியாசம் சாதாரணம்.

ஒரே ஒரு இடத்தில் நான் சொன்ன '10' கணக்கு உங்களை ஏமாற்றும்: கச்சேரிப் பதிவு. பேச்சில் இடைவெளி விழுந்து ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனால் (அதுதான் கேட் அளவு) பெட்டியில் கேட் விளக்கு எரியும், உள்ளே இருக்கும் கை அப்படியே உறைந்து நிற்கும். அதனால் மின்விசிறிச் சத்தம் மேலே வராது. ஆனால் கச்சேரியில் பாடகர் நிறுத்தினாலும் தம்பூரா நிற்பதில்லையே. அது கேட் அளவுக்கு மேலேயே ஒலிப்பதால், பெட்டி அதையும் பாட்டு என்று எண்ணி ஏற்றிக்கொண்டே போகும். ஆலாபனையின் மௌனத்தில் சுருதி குபுகுபுவென்று பொங்கும், அடுத்த சங்கதி வந்ததும் அமுங்கும். கச்சேரிக்கு மட்டும் ஃபேடரைக் குறைத்து மீட்டர் 5ஐத் தொடும்படி வையுங்கள். கை ஏறுவதற்கு உள்ள இடம் சுருங்கிவிடும். ரிலீஸ் வேகத்தையும் (கை குமிழை மறுபடி கூட்டும் வேகம்) குறையுங்கள், கேட் அளவைக் கொஞ்சம் உயர்த்துங்கள். பேச்சு நிகழ்ச்சிக்குத் திரும்பும்போது மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்து அந்த 100. உச்சங்களை வெட்டி நிறுத்தும் லிமிட்டரின் வேலையே அதுதான். உச்சங்கள் 100ஐத் தொடலாம், தாண்டக் கூடாது. ஆனால் இது பெட்டியின் 100. எஃப்.எம். ஒலிபரப்பில் 100 என்றால் அலைவரிசை மையத்திலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் விலகல். இரண்டும் ஒன்றாவது எக்சைட்டரில் (டிரான்ஸ்மிட்டரில் எஃப்.எம். அலையை உருவாக்கும் பகுதி) உள்ள இன்புட் குமிழைப் பொறுத்தது. இந்த விலகலை அளக்கும் மாடுலேஷன் மானிட்டர் வைத்து ஒருமுறை சரிசெய்துவிட்டு, அந்தக் குமிழின் மேல் தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். "சத்தம் கூட்டித் தரேன்" என்று வருபவர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான். ப்ராசசர் மீட்டர் அப்போதும் 100தான் காட்டும், வெளியே போவது 130 ஆக இருக்கலாம்.

அவர்கள் செய்யும் இன்னொரு கைங்கரியம் ப்ரீ-எம்ஃபசிஸ், அதாவது ஒலிபரப்புக்கு முன் கூர்மையான ஒலிகளை உயர்த்தி அனுப்புவது. நம் நாட்டில் 50 மைக்ரோசெகண்ட். ப்ராசசரில் அது ஓடும்போது எக்சைட்டரிலும் போட்டுவிட்டால் 'ச', 'ஸ' எல்லாம் சீறும். நான் போன ஒரு நிலையத்தில் விவசாய நிகழ்ச்சியில் பேசிய ஒரு பாட்டியின் குரல் தகரத்தில் தட்டியதுபோல் கேட்டது. ஆறு மாதமாக மைக்கைக் குறை சொல்லி, இரண்டு புது மைக் வாங்கியிருந்தார்கள். எக்சைட்டரில் ஒரு சுவிட்ச்சை மாற்றினேன், சரியாகிவிட்டது. அந்த மைக் காசை யார் திருப்பித் தருவார்?

எனக்கு ஆற்றாமை இதில்தான். அனுமதித் தாள்களில் 100 வாட், கோபுர உயரம் 30 மீட்டர் என்று எல்லாம் எழுதி வாங்குகிறார்கள். மாடுலேஷன் மானிட்டர் ஒன்று வேண்டும், மீட்டர் படிக்க ஒருவரைப் பழக்கிவிட்டுப் போக வேண்டும் என்று எழுதிய டெண்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. பெட்டியை இறக்கிவிட்டுக் கடவுச்சொல்லையும் தன் பையிலேயே கொண்டுபோகிறான் விற்பனையாளன். அந்தக் கடவுச்சொல்லை இன்றே கேட்டு வாங்குங்கள்.

கார்டுக்குப் பணம் கொடுக்குமுன் இதைச் செய்து பாருங்கள். ஒலிபரப்பு இல்லாத நேரத்தில் மிக்சரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் டோனை (ஒரே சீரான ஒலி) வி.யு. மீட்டர் சுழியம் காட்டும் அளவில் அனுப்புங்கள். ஏ.ஜி.சி. இறங்கி அசையாமல் நிற்க வேண்டும். டோனைச் சட்டென நிறுத்துங்கள். கேட் விளக்கு எரிந்து, மீட்டர் அங்கேயே நிற்க வேண்டும், அல்லது மிக மெதுவாக நகர வேண்டும். இரண்டு சானலிலும் இப்படி நடந்தால் அந்த ஆளை எதிரில் நிறுத்தி மறுபடி செய்து காட்டுங்கள். அதற்குப் பிறகும் கார்டு போய்விட்டது என்றால், எந்தக் கார்டு, என்ன பழுது என்று நிறுவனத்தின் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.