பெரிய இன்ஜெக்டர் தேவையா?

கேள்வி: டர்போ இல்லாத என் நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரில் கேம்ஷாஃப்ட்டையும் எக்ஸாஸ்ட்டையும் மாற்றி, 160 குதிரைத்திறன் எதிர்பார்க்கிறேன். நிமிடத்துக்கு 440 சிசி பெட்ரோல் பாய்ச்சும் இன்ஜெக்டர்களை வாங்கலாமா?

பதில்: அவ்வளவு பெரியது வேண்டாம். இத்தகைய எஞ்சின் முழுத் திறனில் ஓடும்போது ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ அரை பவுண்டு பெட்ரோல் குடிக்கும் என்பதால், மொத்தத் தேவையான 80 பவுண்டை நான்காகப் பங்கிட்டு, இன்ஜெக்டர் 80 சதவீத நேரமே திறந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டால், ஒன்றுக்கு 25 பவுண்டு, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 260 சிசி வருகிறது. 300 சிசி தாராளம். 440 சிசியில் ஐட்லிங்கின்போது திறப்பு நேரம் மிகக் குறுகுவதால், அளவு பிசகி, சிக்னலில் எஞ்சின் குலுங்கக்கூடும்.

வாங்குமுன் பழைய இன்ஜெக்டரின் இரு பின்களிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12 முதல் 16 ஓம் காட்டினால், 2 அல்லது 3 ஓம் உள்ளதைத் தவறியும் பொருத்தாதீர்கள், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ பழுதாகிவிடும். எதைப் பொருத்தினாலும் இசியூவை மறுபடி ட்யூன் செய்தே ஆக வேண்டும்.