‘நார்மல்’ என்ற ரிப்போர்ட்டுக்குப் பிறகு வந்த கட்டி

கேள்வி: எனக்கு வயது 52. ஏழு மாதங்களுக்கு முன் எடுத்த மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன் பின் குளிக்கும்போது இடது மார்பகத்தில் கட்டி தட்டுப்பட்டது. ரிப்போர்ட்தான் நன்றாக இருந்ததே என்று மூன்று வாரம் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது பயாப்சியில் புற்றுநோய் உறுதியாகிவிட்டது. பரிசோதனை தவறா, என் கவனக்குறைவா? என் தங்கையோ, இனி மேமோகிராம் எடுத்து என்ன பயன் என்கிறாள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, அந்த மூன்று வாரங்களை நினைத்து உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள். அறிகுறி தெரிந்தபின் மூன்று மாதங்களுக்கு மேல் தள்ளிப்போடுவதே சிகிச்சையின் பலனைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்கள் தாமதம் அந்தக் கணக்கில் வராது. ‘நார்மல்’ என்ற சொல்லை நம்பியது உங்கள் பிழையும் அன்று. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும்.

அன்று எடுத்த படத்தில் சந்தேகத்துக்குரிய எதுவும் தென்படவில்லை என்பதே அதன் பொருள். மேமோகிராமில் கொழுப்பு கருமையாகவும், பால்சுரப்பித் திசுவும் கட்டியும் வெண்மையாகவும் தெரிவதால், சுரப்பித் திசு மிகுந்த, அடர்த்தியான மார்பகத்தில் கட்டி அந்த வெண்மைக்குள்ளேயே மறைந்துவிடக்கூடும். நாற்பது வயதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மார்பகம் இப்படி அடர்த்தியாகவே இருக்கிறது. பால் சுரக்கும் நுண்ணறைகளில் தொடங்கும் லோபுலார் வகைப் புற்றுநோயில் செல்கள் உருண்டு திரளாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் பரவுவதால், படத்தில் அதைப் பிடிப்பது இன்னும் கடினம். இருக்கும் புற்றுநோய்களில் சுமார் எட்டில் ஒன்றை மேமோகிராம் தவறவிடுகிறது. இவை தவிர, பரிசோதனைக்குப் பிறகே வேகமாக வளர்பவையும் உண்டு. இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் வெளிப்படும் இவ்விரு வகையையும் ‘இடைக்காலப் புற்றுநோய்’ என்கிறோம். உங்களுடையது இவற்றில் எது என்று அறிய விரும்பினால், பழைய படங்களை இன்னொரு கதிரியக்க மருத்துவரிடம் காட்டி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, கேட்கத் தயங்காதீர்கள்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நான்சி கப்பெல்லோவுக்கும் இதுவே நேர்ந்தது. மேமோகிராம் நார்மல் என்று வந்த சில வாரங்களிலேயே, 2004ஆம் ஆண்டில், முற்றிய நிலைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. தம் மார்பகம் அடர்த்தியானது என்பதையே அதற்குப் பிறகுதான் அவர் அறிந்தார். அவர் விடாமல் போராடியதால், அடர்த்தியைப் பெண்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 2009இல் அம்மாநிலத்தில் வந்தது. 2024 செப்டம்பர் முதல் அந்நாடு முழுவதற்கும் அது விதியாகியிருக்கிறது. நெதர்லாந்தில் நடந்த ஆய்வொன்றில், மேமோகிராம் நார்மலாக இருந்த, மிக அடர்த்தியான மார்பகம் கொண்ட பெண்களில் ஒரு பிரிவினரைக் கூடுதலாக எம்.ஆர்.ஐ. எடுக்க அழைத்தனர். அழைக்கப்படாத பிரிவில் ஆயிரத்துக்கு 5 ஆக இருந்த இடைக்காலப் புற்றுநோய், அழைக்கப்பட்ட பிரிவில் 2.5 ஆக இருந்தது.

உங்கள் தங்கை மேமோகிராமைக் கைவிடக் கூடாது. அது தவறவிடுவதைவிடப் பிடிப்பதே அதிகம். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்பதை அவர் தம் மருத்துவரிடம் சொல்லி, தமது மார்பக அடர்த்தி எந்த அளவு, அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ கூடுதலாகத் தேவையா என்று கேட்கட்டும். கட்டியோ, தோலில் குழிவோ, காம்பில் மாற்றமோ தெரிந்தால், முந்தைய வாரமே நார்மல் என்று வந்திருந்தாலும் உடனே காட்டட்டும். அப்போது ‘போன ரிப்போர்ட் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று எவர் சொன்னாலும், அந்த இடத்தைக் குறிவைத்துப் புதிதாக மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுக்காமல் திரும்பி வர வேண்டாம்.