மருந்து விலைக் கொள்கையை வகுக்கும்போது அரசு மருந்துக் கம்பெனிகளோடு உட்கார்ந்து பேசுவது சரியா?

பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த மேஜையில் மருந்து சாப்பிடுகிறவருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். மும்பையில் ஒரு சிறிய மருந்துக் கம்பெனியில் விலை சம்பந்தமான படிவங்களைத் தயார் செய்து அனுப்புவது என் வேலை. தினமும் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

அத்தியாவசிய மருந்துகளுக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விலை வைக்கிறது. 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கணக்கு இதுதான்: சந்தையில் குறைந்தது 1 சதவீதம் விற்பனை உள்ள எல்லா பிராண்டுகளையும் எடுத்து, கடைக்காரருக்கு அவை என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்துச் சராசரி போடுவார்கள். அதன் மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம். மூன்று கம்பெனிகள் 10, 20, 60 ரூபாய்க்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி 30, வரம்பு 34 ரூபாய் 80 காசு. தயாரிக்க எவ்வளவு செலவாகிறது என்ற கேள்வியே இதில் வராது. 1995 ஆணையில் அந்தக் கேள்வி இருந்தது. அதை எடுத்துவிட்டது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

இதனால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. கொள்ளை லாபம் வைத்தவரின் விலையும் சராசரிக்குள் போய் வரம்பை ஏற்றிவிடுகிறது. இன்னொரு பக்கம், பழைய மலிவு மருந்துகள் காணாமல் போகின்றன. மூலப்பொருள் விலை எவ்வளவு ஏறினாலும், மொத்த வியாபார விலைவாசியைக் காட்டும் மொத்த விலைக் குறியீட்டெண் ஏறிய அளவுக்குத்தான் வருடத்துக்கு ஒரு முறை ஏற்றலாம். 2024 ஏப்ரலில் அது 0.00551 சதவீதம்!

தாராவி 90 அடி ரோட்டில் தெரிந்தவர் மருந்துக் கடையில் ஒருநாள் நின்றுகொண்டிருந்தேன். தம்பிக்கு லித்தியம் மாத்திரை (மனநிலைக் கோளாறுக்குக் கொடுப்பது) வேண்டுமென்று ஓர் அக்கா கசங்கிய சீட்டை நீட்டினார். "சரக்கே வரலக்கா, சயான் பக்கம் கேட்டுப் பாருங்க" என்றார் கடைக்காரர். "அங்கேருந்துதாம்பா வரேன்" என்றார் அந்த அக்கா. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாத மாத்திரை அது. இந்த மாதிரி இடத்தில் கம்பெனி வாயைத் திறந்து, இந்த விலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அரசிடம் சொல்லத்தான் வேண்டும். 2024 அக்டோபரில் 8 மருந்துகளின் 11 வடிவங்களுக்கு ஆணையம் விதிவிலக்காக உச்சவரம்பை 50 சதவீதம் உயர்த்தியது. லித்தியம் 300 மில்லிகிராம் மாத்திரையும் அதில் ஒன்று. கம்பெனிகள் விண்ணப்பித்ததால் நடந்தது அது. சரியான முடிவு.

ஆனால் கம்பெனிகள் தாங்களாகவே கேட்க மாட்டாத விஷயமும் உண்டு. இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்டை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து பூசியவற்றுக்கு 29,600 ரூபாய் என்று 2017 பிப்ரவரியில் வரம்பு வந்தது. அதுவரை லட்சத்துக்கு மேல் பில் போட்டார்கள். அது வந்ததற்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கு முக்கியக் காரணம். கம்பெனிகளின் சங்கம் எதுவும் போய்க் கேட்டதால் அது வரவில்லை.

இன்னொரு சிக்கல், ஆணையம் இருப்பது மருந்துத் துறையின் கீழ். அந்தத் துறை ரசாயனம், உர அமைச்சகத்தில் இருக்கிறது. தொழிலை வளர்ப்பதும் அவர்கள் வேலை, விலையைப் பிடிப்பதும் அவர்கள் வேலை. சுகாதார அமைச்சகம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலைக் கொடுப்பதோடு சரி. விலை பேசும்போதும் அவர்கள் குரல் பலமாகக் கேட்க வேண்டும்.

உச்சவரம்பு வைப்பதற்கு முன்பு ஆணையம் வரைவுக் கணக்கைத் தன் இணையதளத்தில் போட்டு, கருத்துச் சொல்ல 10 வேலை நாள் தருகிறது. எங்களைப் போன்ற கம்பெனி ஆட்கள் அந்தப் பக்கத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்போம். பொதுமக்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் வீட்டில் யாராவது தினமும் சாப்பிடும் மருந்து அதில் வந்தால் எழுதுங்கள். உங்கள் ஏரியாவில் அது கிடைக்கிறதா, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று நாலு வரி போதும். கம்பெனிகள் அனுப்பும் படிவங்களில் அந்தத் தகவல் இருக்காது.