கோட்டாவில் வந்த பிள்ளை

அன்புள்ள அக்கா,

என் ஊர் தம்பலகாமம். அப்பாவுக்கு வயல். மாவட்டக் கோட்டாவில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் சிவில் என்ஜினியரிங் படித்தேன். ஆறு வருடமாகத் திருகோணமலையில் ஒரு கந்தோரில் வேலை. நாலு மாதத்துக்கு முன் ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். அன்றிலிருந்து ஒழுங்கான நித்திரை இல்லை. நடுச்சாமத்தில் எழும்பி, அனுப்பி முடித்த வரைபடத்தையே திரும்பத் திறந்து பார்க்கிறேன். கொங்கிரீட்டின் பலத்தைப் பார்க்கும் கியூப் சோதனையின் முடிவு 28ஆம் நாள் நன்றாக வந்தது. எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். எனக்கு ‘இந்த முறையும் தப்பிவிட்டேன்’ என்றுதான் பட்டது. கூட்டங்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடக்கும். போன வியாழக்கிழமை, இரண்டாம் மாடியில் ஒரு தூண் இடம் பிசகியிருப்பதை வரைபடத்தில் கண்டேன். வாய் திறக்கவில்லை. அரை மணி கழித்து வேறொருவர் அதையே கேட்டார், பாராட்டும் வாங்கினார். நான் தகுதியில்லாமல் வந்தவள் என்பது ஒருநாள் தெரிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. இணையத்தில் இதை இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்கிறார்கள். இது நோயா அக்கா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சி,

நோய் இல்லை. 1978இல் பவுலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். படிப்பிலும் தொழிலிலும் உயர்ந்த 150க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிப் பார்த்துவிட்டு எழுதியது. பட்டமும் பதவியும் கையில் இருக்க, ‘எல்லாரையும் ஏமாற்றி வைத்திருக்கிறேன்’ என்று அந்தப் பெண்கள் நம்பினார்கள். கிளான்ஸும் ஐம்ஸும் இதை ஒரு நிகழ்வு என்றுதான் சொன்னார்கள், சிண்ட்ரோம் என்ற சொல் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஆண்களுக்கும் இது உண்டு என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

இதில் மனம் செய்யும் வேலையைப் பாருங்கள். புது வேலை வந்ததும் பயம் வருகிறது. பயத்தில் ஒன்றுக்குப் பத்தாக உழைக்கிறோம். வேலை நன்றாக முடிகிறது. உடனே ‘மாடாய் உழைத்ததால் முடிந்தது, அல்லது அதிர்ஷ்டம்’ என்று கணக்கை மூடிவிடுகிறோம். நம் திறமையின் பெயரில் ஒரு சதம்கூட வரவு வைப்பதில்லை. அடுத்த வேலைக்கு மறுபடி வெறுங்கையோடு போய் நிற்கிறோம். உங்கள் கியூப்புக்கு நடந்தது இதுதான். அந்தக் கொங்கிரீட்டுக்கு நீங்கள் யார், எந்தக் கோட்டாவில் வந்தவர் என்று தெரியுமா? கலவையைச் சரியாகப் போட்டு, தண்ணீரில் பதப்படுத்தி, 28ஆம் நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்கினார்கள். அது தாங்கியது. இதில் தப்புவதற்கு என்ன இருக்கிறது?

கோட்டா விசயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கடிதத்தின் முள் அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலான பல்கலைக்கழகப் பாடநெறிகளுக்கு 40 வீதம்தான் அகில இலங்கைத் தரவரிசை. 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. நம் பக்கத்துக் கிராமங்களில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாமல் வருடம் போன கதைகளை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நிலையில் இருந்துகொண்டு நீங்கள் எடுத்த புள்ளி அது. சரி, அதையும் விடுங்கள். கோட்டா உங்களைப் பேராதனை வாசல் வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு போனது. உள்ளே எழுதிய பரீட்சைகளில் கோட்டா கிடையாது. கொழும்புப் பிள்ளைக்கும் உங்களுக்கும் ஒரே வினாத்தாள்தான், விடைத்தாளில் சுட்டிலக்கம் மட்டும்தான்.

அந்தத் தூண் விசயமும் அப்படித்தான், யோசித்துப் பாருங்கள். உங்கள் கேள்வி உங்கள் பெயர் இல்லாமலே அந்த மேசைக்கு வந்தது. கேட்டவர்கள் நல்ல கேள்வி என்றார்கள். அதை அரை மணிக்கு முன்பே கண்டது நீங்கள்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் மொழியில் பேச நேரம் எடுப்பது வேறு, தொழில் தெரியாமல் இருப்பது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமக்கிறீர்கள். கூட்டத்தில் இருக்கும் மொழிகளில் ஒன்றுகூட உங்கள் மொழி இல்லை என்றால் கூச்சம் வரத்தான் செய்யும். அது உங்கள் குறை இல்லை. வரைபடத்தில் விரலை வைத்து இரண்டு சொல்லில் கேட்டாலே போதும்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவள். 2005இல், சுனாமிக் கடல் வந்துபோன அடுத்த மாதங்களில், ஈரம் பட்ட பத்திரங்களோடு சனம் வரும். மூதூரிலிருந்து லோஞ்சில் வந்த ஒரு பெரியவரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் மை கரைந்திருந்தது. ‘யூன்’ என்பதை ‘யூலை’ என்று வாசித்து, ஆங்கிலத்தில் அடித்து, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டேன். பத்து நாளில் திரும்பி வந்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை. முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றே நினைத்தேன். அவர் சொன்னது: “ஒரு எழுத்துத்தானே மகள், மாத்தித் தாங்க.” மாற்றிக் கொடுத்ததும் பையிலிருந்து தம்பியின் பத்திரத்தையும் எடுத்து நீட்டினார், இதையும் செய்யுங்கள் என்று.

அன்றிலிருந்து திகதியை உரியவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகே முத்திரை குத்துவேன். ‘எந்த எழுத்துப் பிழை?’ என்று மனம் கேட்டால் அதற்குப் பதில் இருக்கிறது, செய்ய வேலையும் இருக்கிறது. ‘இதற்கு நீ யார்?’ என்று கேட்டால் விடிய விடிய இருந்தாலும் பதில் கிடைக்காது. நடுச்சாமத்தில் உங்களை எழுப்புவது எந்தக் கேள்வி என்று பாருங்கள். முதலாவது என்றால் காலையில் ஒரு சக பொறியியலாளரிடம் வரைபடத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், தொழிலில் அது வழக்கம்தானே. இரண்டாவது என்றால் கணினியைத் திறக்காதீர்கள்.

அப்புறம், ஒரு கொப்பி வாங்குங்கள். கிளான்ஸும் ஐம்ஸும் தங்களிடம் வந்த பெண்களுக்குச் சொன்ன பயிற்சி இது: கிடைத்த பாராட்டை எழுதி, அதை எப்படித் தட்டிவிட்டேன் என்பதையும் பக்கத்தில் எழுதுவது. முதல் வரியில் கியூப்பைப் போடுங்கள்.

அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். இந்த இரகசியத்தை ஒருவர் வெளியே சொன்னால் மற்றவர்களும் சொல்லத் தொடங்குவார்கள், அதனால் நாலு பேர் கூடிப் பேசுவது நல்லது என்று. இந்த வருடம் இதே பயத்தோடு எனக்கு வந்த மூன்றாவது கடிதம் உங்களுடையது. ஒருவர் கிண்ணியாவில் ஆசிரியை, இன்னொருவர் நிலாவெளியில் ஹோட்டல் முகாமையாளராக உயர்ந்த தம்பி. மூவருக்கும் சம்மதம் என்றால் ஒரு ஞாயிறு பின்னேரம் டச் பே கடற்கரையில் சந்திப்போம். மான்கள் மேய வரும் நேரம். யூன், யூலைக் கதையை நானே முதலில் சொல்லித் தொடங்குகிறேன். வரும் வியாழக்கிழமை கூட்டம் முடிந்ததும் எழுதுங்கள், என்ன கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா