6 வாட் சிப் சூம் வகுப்புக்குத் தாங்குமா?

தலவாக்கலையில் டியூஷன் நடத்தும் ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார்: வினாத்தாள் டைப் பண்ணவும் இரவில் சூம் வகுப்பு எடுக்கவும் ஒரு கம்பியூட்டர் வேண்டும், மழை பிடித்தால் கரண்ட் போய்ப் போய் வருகிறது, கடையில் இன்டெல் என்100 சிப் போட்ட சின்னப் பெட்டி ஒன்றையும், அதைவிட மலிவாக ஐ5-6500 போட்ட பழைய டெஸ்க்டொப் ஒன்றையும் காட்டுகிறார்கள், எதை வாங்குவது?

சின்னப் பெட்டியையே வாங்குங்கள் டீச்சர். 2015இல் வந்த அந்த ஐ5உம் 2023இல் வந்த என்100உம் வேகத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டிலும் நாலு கோர். ஆனால் பழையது 65 வாட் ரகம், விண்டோஸ் 11 ஏற்கும் சிப்களின் பட்டியலிலும் அது இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது.

என்100 வெறும் 6 வாட்தான் என்று கடைக்காரர் சொல்லும் கதையை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். அது சிப்புக்கான கணக்கு, சுவர் பிளக்கில் இழுப்பது வேறு. என் மேசையில் இருக்கும் என்100 பெட்டியை மீட்டரில் மாட்டிப் பார்த்தேன்: சும்மா இருக்கும்போது 8, வேர்டும் குரோமும் திறந்தால் 12, அப்டேட் ஓடும்போது 22 வரை ஏறி இறங்கியது. பக்கத்தில் இருக்கும் மொனிட்டர் தனியாக 18 குடிக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை!

கரண்ட் பில்லில் பெரிய மிச்சம் வராது, மாதம் ஐந்தாறு அலகு இருக்கலாம். 60 அலகைத் தாண்டாமல் இழுத்துப் பிடிக்கும் வீடென்றால் அதுவும் பெரிய விஷயம்தான். உண்மையான லாபம் யூபிஎஸ்ஸில், அதாவது கரண்ட் போனதும் பேட்டரியில் ஓட வைக்கும் பெட்டியில். பெட்டி, மொனிட்டர், ரவுட்டர் மூன்றும் சேர்ந்தாலும் 50 வாட்டுக்குள் நின்றுவிடும், பேட்டரி நல்லதாக இருந்தால் சாதாரண 650 விஏ யூபிஎஸ்ஸே அரை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். ரவுட்டரை மறந்தால் கம்பியூட்டர் ஓடும், வகுப்பு ஓடாது.

அப்புறம் ரேம். என்100க்கு ஒரே ஒரு மெமரி சனல்தான் (சிப்புக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை), பல பெட்டிகளில் ரேம் சொருக ஒரே ஸ்லொட், சிலவற்றில் போர்டிலேயே ஒட்டி வரும், அதனால் 8 ஜிபியில் வாங்கிவிட்டுப் பிறகு பக்கத்தில் இன்னொன்று போடலாம் என்று நினைக்காதீர்கள். முதலிலேயே 16 கேளுங்கள், எஸ்எஸ்டியும் இருக்கட்டும்.

வினாத்தாள் அடிக்க லேசர் பிரின்டர் வைத்திருந்தால் அதைச் சுவர் பிளக்கிலேயே விடுங்கள். சூடாகும் நேரத்தில் நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும், யூபிஎஸ் கீச்சிட்டு நின்றுவிடும்.