தோட்டத்து நலநிதி: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

தேயிலைத் தொழிற்சாலை ஒபிஸில் நான் இருந்த காலம் முழுக்க, தொழிலாளர் சந்தா கட்டி நடத்தும் நலன்புரிச் சங்கத்தின் கணக்குக் கொப்பி என் மேசையில்தான் கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகும் சந்தா, மரண உதவி என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு மகள்: அப்பா போன மாதம் தவறிவிட்டார். மரணச் சங்கம் காசு தந்தது. இதோடு எல்லாம் முடிந்தது என்கிறார்கள். உண்மையா ஐயா?

இல்லை பிள்ளை. சங்கம் தந்தது பெட்டிக்கும் பந்தலுக்கும் வந்தவர்களின் சாப்பாட்டுக்கும். அது அப்பாவோடு வேலை செய்தவர்கள் சேர்த்த காசு. அப்பா உழைத்த காசு வேறாக இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியில் அவர் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தோட்டத்தின் பங்காக 12 வீதமும் சேர்ந்திருக்கும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் (ETF) தோட்டம் தன் கையிலிருந்து 3 வீதம் கட்டியிருக்கும். ஐந்து வருடம் வேலை செய்திருந்தால் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடையும் (வேலை முடியும்போது தரும் மொத்தத் தொகை) உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கணக்கு. ஆள் இறந்தால் அது வாரிசுக்குச் சேரும்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) ‘ராமன்’ என்று இருக்கும், அடையாள அட்டையில் ‘ராமையா’, அம்மாவின் விவாகச் சான்றிதழில் ‘பெ. ராமசாமி’. மூவரும் ஒரே ஆள் என்று லயத்து வீட்டு வரிசைக்கே தெரியும், கந்தோருக்குத் தெரியாது. அதனால் முதலில் எல்லாத் துண்டுகளையும் மேசையில் பரப்பிப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி, கிராம சேவகரிடமும் தோட்டத்திலும் ஒவ்வொரு கடிதம் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். எழுத உதவிக்கு ஆளும் பஸ் காசும் சங்கத்தில் கேளுங்கள். என்னைக் கேட்டால், மாலை வாங்கும் செலவைவிட இந்தச் செலவுதான் சங்கத்துக்கு அழகு.

தலவாக்கலை: கொழுந்து மலையில் குளவி கொட்டி மனைவி வைத்தியசாலையில் இருக்கிறார். சங்கம் ஐயாயிரம் கொடுத்தது. தோட்டம் எதுவும் தரவேண்டியதில்லையா?

வேலை நேரத்தில், வேலை செய்த இடத்தில் நடந்தது என்றால் 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது தம்பி. சங்கத்தின் காசு அதற்கு ஈடாகாது. எந்த மலை, என்ன நேரம், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதைத் தோட்டத்துப் பதிவில் இன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். டிக்கட் வெட்டி வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் துண்டைப் பத்திரமாக வையுங்கள். ‘உதவி பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை’ என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பண்டாரவளை, ஆடைத் தொழிற்சாலை: நாங்கள் சில பெண்கள் சேர்ந்து நிதி ஒன்று தொடங்கப் பார்க்கிறோம். எப்படி ஐயா?

நல்ல காரியம் தங்கச்சி. சம்பளத்தில் வெட்டுவதென்றால் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், காசு எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். எதற்குக் கொடுப்போம், எதற்குக் கொடுக்கமாட்டோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். திருப்பிக் கட்டும் கடனையும் கட்டத் தேவையில்லாத உதவியையும் ஒரே கொப்பியில் கலக்க வேண்டாம். கலந்தால் ஆறு மாதத்தில் சண்டை வரும்.

உதவி கேட்கும் படிவம் ஒரு பக்கம் போதும்: என்ன நடந்தது, வீட்டில் எத்தனை பேர், இப்போது அவசரமாக எது தேவை. அதை இரண்டு பேருக்கு மேல் பார்க்கக் கூடாது. பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், பெயர் கூப்பிட்டுக் கவரைக் கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. அதைப் பார்த்த அடுத்தவள் பிள்ளைகளைப் பட்டினி போட்டாலும் போடுவாள், கேட்டு வரமாட்டாள். வருடக் கூட்டத்தில் ‘மருத்துவம் இவ்வளவு, மரணம் இவ்வளவு, படிப்பு இவ்வளவு’ என்று தொகையை வாசியுங்கள். பெயர் வேண்டாம்.

பதுளை: டித்வா புயலில் எங்கள் லயமே சரிந்தது. சங்கத்தில் காசு இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று என்று எடுத்தவுடன் சொல்லமாட்டேன், கணக்கைக் கேட்டுப் பாருங்கள். ஒரு தோட்டத்துக்குள்ளேயே சுற்றும் நிதிக்கு இருக்கும் பெரிய பலவீனம் இது. ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தூக்கலாம். எல்லோரும் ஒரே இரவில் விழுந்தால் தூக்க ஆள் இல்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும் உதவி வெளியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. அதனால் பக்கத்துத் தோட்டங்களோடு சேர்ந்து ஒரு பொது ஒதுக்கீடு வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: சேதத்தைக் கிராம சேவகரிடம் பதிந்து பிரதேச செயலகத்தில் தொடருங்கள். அந்த இடத்தில் திரும்பக் குடியிருக்கலாமா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லாமல் தகரம் போட வேண்டாம்.

நாவலப்பிட்டி: வட்டிக் கடன் கழுத்தை நெரிக்கிறது. சங்கம் அடைக்குமா அண்ணே?

பெரும்பாலும் அடைக்காது, அடைக்கவும் கூடாது. அந்தக் காசு நேராக வட்டிக்காரனிடம்தான் போகும், அடுத்த மாதம் நீங்கள் திரும்ப வருவீர்கள். நான் இருந்த காலத்தில் ஒன்று செய்தோம். வங்கியில் அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகும் நிலைக்கு வந்தால் அடகுத் துண்டைக் கொண்டுவரச் சொல்லி, வட்டியை மட்டும் வங்கியிலேயே கட்டிப் புதுப்பித்துக் கொடுப்போம். தாலிக்கொடி தப்பும், காசும் வேறு வழியில் போகாது. உங்கள் கமிட்டியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஹட்டன்: அப்பாவுக்கு இருதய சத்திரசிகிச்சை. சங்கம் தருவது செலவில் கால்வாசிக்கும் போதாது.

அப்பா இன்னும் வேலையில் இருந்தால் நம்பிக்கை நிதியத்தில் இருதய சத்திரசிகிச்சைக்கு உதவி உண்டு. அதோடு ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பியுங்கள். இப்போது பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டாம். சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிப்பதற்கு முன்பே போய் எந்தெந்தக் கடிதம் வேண்டும் என்று கேளுங்கள். சங்கக் காசை வேனுக்கும் கூட நிற்பவரின் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.