ரப்பர்த் தோட்டத்தில் தீப்பொறி சுழற்றித் திருமணப் படம் எடுக்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டமொன்றில், எரியும் இரும்பு நாரை (ஸ்டீல் வுல்) சுழற்றிப் படமெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தெறிப்பவை வெறும் ஒளிக்கோடுகள் அல்ல, எரியும் இரும்புத் துணுக்குகள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் இலையுதிர்க்கும். அந்தச் சருகில் ஒரு பொறி விழுந்து, எல்லாரும் வீடு திரும்பிய பிறகும் புகைந்து பற்றலாம். கலிபோர்னியாவில் கரைதட்டிக் கிடந்த 'பாயிண்ட் ரேயஸ்' படகின் பின்பகுதி 2016-இல் இப்படித்தான் எரிந்ததாகச் சந்தேகிக்கப்படுகிறது.

மணப்பெண் பாலியெஸ்டர் சேலையில் இருந்தால் இன்னும் மோசம்: உருகித் தோலில் ஒட்டும். அழகுக்காகத் தலைப்பைப் பறக்கவிடச் சொல்பவர்களும் உண்டு!

எல்இடி விளக்கைச் சுழற்றினாலும் நீண்ட எக்ஸ்போஷரில் (கேமரா ஷட்டரைச் சில நொடிகள் திறந்து வைத்து எடுக்கும்போது) ஒளிவட்டம் கிடைக்கும். தீப்பொறி தோலைச் சுட்டுவிட்டால் அந்த இடத்தை 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், பற்பசை தடவாதீர்கள். தீ பரவினால் மலேசிய அவசர எண் 999.